பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் உருவப்பட அச்சை ஆராயும் முறை

முகத்தை ரசிக்கும் முன் படத்தின் அடியிலுள்ள எழுத்துகளைப் படியுங்கள். பெரும்பாலும் இடது மூலையில் ‘பின்க்சிட்’ என்ற சொல்லோடு வருபவர் மூல ஓவியத்தைத் தீட்டியவர். வலது மூலையில் ‘ஃபெசிட்’ அல்லது ‘ஸ்கல்ப்சிட்’ என்பதோடு வருபவர் அதைச் செப்புத் தகட்டில் உருவாக்கியவர். ஜோஷுவா ரெனால்ட்ஸின் ஓவியங்கள் ஜேம்ஸ் மக்கார்டெல் போன்றோரின் தகடுகள் வழியாகவே பரவலாக அறியப்பட்டன என்பதால், இரண்டாம் பெயரையும் முதற்பெயருக்கு இணையாக மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, வெளியீட்டு விவரம் தரும் எழுத்து வரி. ஓவியரும் செதுக்குநருமான வில்லியம் ஹோகார்த் முன்னின்று பெற்ற 1735ஆம் ஆண்டுச் சட்டம் செதுக்குநருக்கு 14 ஆண்டு பதிப்புரிமை அளித்ததோடு, தகட்டில் வெளியீட்டு நாளையும் உரிமையாளர் பெயரையும் பொறிக்கச் சொன்னது. ஆனால் அந்த நாள் தகட்டுக்குரியதே தவிர, கையிலுள்ள தாளுக்குரியதன்று. பழைய தகடுகளிலிருந்து பிற்காலத்திலும் படிகள் எடுக்கப்பட்டன.

எனவே கருமையைக் கவனியுங்கள். மெசோடின்ட் முறையில், பற்கள் கொண்ட கருவியால் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, ஒளி வேண்டிய இடங்களைச் சுரண்டி மெருகேற்றுவார்கள். அந்தச் சொரசொரப்பு அச்சழுத்தத்தில் விரைவாகத் தேய்வதால், முதற்படிகளின் நிழல்கள் வெல்வெட்டைப் போல ஆழ்ந்திருக்கும். பிந்தியவை சாம்பல் பூத்து, உடை மடிப்புகளின் நுட்பத்தை இழந்திருக்கும்.

இறுதியாகத் தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். தாள் செய்யும்போதே அதனுள் பதியும் நீர்க்குறியில் தெரியும் ஆண்டு வெளியீட்டு ஆண்டுக்குப் பிந்தியதானால், அது சந்தேகமின்றிப் பிற்காலப் படியே.