இரவில் இனந்தெரியாத வெளிச்சம் கண்டால் எப்படிக் குறித்துவைப்பது, எப்படி முறையிடுவது

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் கடற்கரையிலோ, மேற்கே படுவான்கரையின் வயல்வெளியிலோ இரவில் விளங்காத வெளிச்சமொன்றைக் கண்டு பொலிசாரிடமோ படையினரிடமோ தெரிவிக்க நினைப்பவர், அது என்னவாக இருக்கும் என்ற ஊகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதையே முதலில் எழுத வேண்டும். இந்த நான்கும் இல்லாத முறைப்பாட்டை எவ்வளவு திறமையான விசாரணையாளராலும் முன்னே கொண்டுபோக முடியாது.

இதற்கு நல்ல சான்று அமெரிக்க விமானப்படையின் அனுபவம். 1952 முதல் 1969 வரை ‘புளூ புக்’ என்ற பெயரில் நடந்த அதன் விசாரணைத் திட்டத்தின் கோப்புகளில், 1947இலிருந்து சேர்ந்த 12,618 முறைப்பாடுகள் இருந்தன. அவற்றுள் 701 மட்டுமே இனங்காணப்படாதவையாக எஞ்சின. மற்றவற்றில் பல கோள்களாகவும் விண்மீன்களாகவும் விமானங்களாகவும் பலூன்களாகவும் தெரியவந்தன. போதிய தகவல் இல்லை என்று மூடப்பட்டவையும் இருந்தன. கண்டவர்களுக்குக் கொடுக்கப்பட்ட படிவம், கையை நீட்டிப் பிடித்தால் எந்தப் பொருள் அந்த வெளிச்சத்தை மறைக்கும் என்று குண்டூசித் தலையிலிருந்து கூடைப்பந்து வரை வரிசைப்படுத்திக் கேட்டது. வானில் தொங்கும் ஒன்றின் உண்மையான பருமனையோ தூரத்தையோ கண்ணால் மட்டும் கணிக்க இயலாது என்பதே அதற்குக் காரணம். ஆகவே ‘வீடளவு பெரியது’, ‘அரை மைல் தூரத்தில்’ என்றெல்லாம் எழுதாதீர்கள்.

வெளிச்சத்தைக் கண்டவுடன் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்துக் குறியுங்கள். நின்ற இடத்தை விட்டு நகராமல், ஒரு தென்னைமரத்தின் விளிம்பையோ மின்கம்பத்தையோ வெளிச்சத்தோடு நேராக வைத்துப் பாருங்கள். இருட்டில் தனியாகத் தெரியும் ஒளிப்புள்ளி அசையாதபோதும் அசைவதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். கம்பத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். கால் வைத்த இடத்தில் ஒரு தடியையும், வெளிச்சத்தின் திசையில் சில அடி தள்ளி இன்னொரு தடியையும் நட்டுவைத்தால், விடிந்தபின் அந்தக் கோடு குடும்பிமலைப் பக்கம் போகிறதா, பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போகிறதா என்று ஆறுதலாகப் பார்த்து எழுதலாம். உயரத்துக்கு, நீட்டிய கையின் மூடிய முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள். விண்மீனும் கோளும் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை, அதாவது ஒன்றரை முஷ்டி, நகர்வதால், ஒரு மணித்தியாலம் கழித்து மீண்டும் பார்ப்பதே பல கேள்விகளைத் தீர்த்துவிடும்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது இன்னோர் ஊரிலிருந்து பார்த்த ஒருவரின் குறிப்பு. கல்லடியில் நிற்பவருக்கு ஒரு வெளிச்சம் மேற்கிலும், அதே நிமிடத்தில் வவுணதீவில் நிற்பவருக்குக் கிழக்கிலும் தெரிந்தால், அது இருவருக்கும் இடையே, நகரத்துக்கோ வாவிக்கோ மேலே இருக்கிறது. இருவருக்கும் ஒரே திசையில் ஒரே உயரத்தில் தெரிந்தால், அது மிகத் தொலைவில், பெரும்பாலும் வானத்துக்குரிய ஒன்றாகவே இருக்கும். இத்தகைய இரண்டு குறிப்புகளை வரைபடத்தில் கோடாக இழுப்பது எந்தப் படையினருக்கும் எளிது. ஆனால் இருவரும் ஒருவரோடொருவர் பேசி ஒத்துப்போகும் முன்னரே தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

படம் எடுத்தால் சட்டகத்துக்குள் கூரையோ மரமோ வரட்டும். பெரிதாக்கி எடுக்கும்போது குவியம் தவறினால் சிறு புள்ளியும் தட்டுப்போல் பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த நேரம் முதலான விபரங்கள் அழிந்துவிடுவதால், மூலப்படத்தைத் தொலைபேசியிலேயே வைத்திருங்கள்.

அடுத்து, நம் பகுதியில் வழமையாகத் தெரியும் வெளிச்சங்களோடு ஒப்பிடுங்கள். வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கும் படகுகளின் ஒளி மேகத்தில் பட்டுத் தெறிக்கும். வயற்காவலுக்கு நிற்பவர்களும் யானை விரட்டுபவர்களும் அடிக்கும் டோர்ச் லைற்றும் யானைவெடியும் வெள்ளாவெளி, அம்பாறைப் பக்கங்களில் புதியவையல்ல. வெள்ளிக் கோள் மாலையில் மேற்கிலோ விடியற்காலையில் கிழக்கிலோ மட்டுமே தெரியும். நள்ளிரவில் ஒருபோதும் தெரியாது. சர்வதேச விண்வெளி நிலையம் சில நிமிடங்களில் வானைக் கடந்து, சிலவேளை நடுவானிலேயே மங்கி மறையும். ஏவிய சில நாட்களுக்கு ஸ்டார்லிங்க் செய்மதிகள் வரிசையாகச் செல்லும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவப்படும் இந்திய ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலாகப் பறப்பதைத் தவிர்க்கக் கடற்பக்கமாக வளைந்து செல்வதால், கிழக்குக் கரையினருக்கு அவை தெரியக்கூடும்; ஏவிய நேரம் செய்தியில் வரும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

போர்க்காலத்தில் பரா லைற் (பரசூட்டில் தொங்கி இறங்கும் ஒளிக்குண்டு) இறங்குவதைக் கண்டு ஒடுங்கிய தலைமுறைக்கு வானில் தொங்கும் வெளிச்சம் வேடிக்கையல்ல. 2011 ஓகஸ்ட்டில், உடலில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற ‘கிறீஸ் மனிதன்’ பீதி கிழக்கில் பரவி மக்களும் படையினரும் மோதும் அளவுக்குப் போனதையும் நாம் மறக்கலாகாது. எனவே கூட்டமாக அந்த இடத்துக்குப் போகாதீர்கள். படைமுகாமை நோக்கி டோர்ச் அடிக்காதீர்கள். விடை தெரியுமுன் முகநூலில் போடாதீர்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 119ஐ அழையுங்கள்.

முறைப்பாட்டை முதலில் பொலிஸ் நிலையத்தில் பதிந்து இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு பிரதியைப் படையினரிடம் கொடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்று இருக்கட்டும். விசாரிக்க வரும் உத்தியோகத்தர் உங்களை வெளிச்சம் கண்ட அதே இடத்தில், இயன்றால் அதே நேரத்தில், நிறுத்திக் கேட்பது முறையானது. அவர் கேட்காவிட்டால் நீங்களே அதைக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். வடக்குக் கிழக்கில் தமிழும் நிருவாக மொழி என்பதால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். வாசித்து விளங்காத தாளில் கையொப்பமிட வேண்டாம்.

பல வாரங்களாகியும் பதில் இல்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்கலாம். தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க அச்சட்டத்தில் இடமுண்டு. ஆனாலும் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். விடை கிடைத்ததும் அதே வெளிச்சத்தைக் கண்ட அயலவர்களுக்கும் அறிவித்து, அவர்கள் எழுதிய குறிப்பின் அடியிலும் அந்த விடையைத் திகதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.