ஏற்பு வேறு, பொறுத்துப்போவது வேறு: மலையக உளவளத்துணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதனையான நினைப்போடும் உணர்வோடும் மல்லுக்கட்டாமல், தனக்கு முக்கியமானதைச் செய்யப் பழக்கும் ஏற்பு அர்ப்பணிப்பு சிகிச்சையை (ACT) 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் உருவாக்கினார்கள். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் அது முதலில் சறுக்குவது பெயரிலேயேதான். "ஏத்துக்கங்க" என்றதும் தோட்டத்துப் பெண்ணின் காதில் விழுவது "பொறுத்துப் போ, தலையெழுத்து". கங்காணியும் மாமியாரும் ஏற்கெனவே சொன்னதுதானே! ஏற்கச் சொல்வது உள்ளே எழும் பயத்தை, வெட்கத்தை, துக்கத்தை மட்டும். புருஷனின் அடியையோ, கிலோ குறைந்ததென்று அரைப்பேர் (அரைநாள் கூலி) போடுவதையோ அல்ல. கணக்கப்பிள்ளையிடம் பேர் குறைந்ததைக் கேட்கப் போகும்போது கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடேயே போய்க் கேட்பதுதான் ஏற்பு. ஆகவே முதல் சந்திப்பில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, "அந்தப் படபடப்புக்குக் கொஞ்சம் இடம் குடுத்துப் பாப்பமா?" என்று கேளுங்கள்.

அடுத்த தவறு, நடத்தையைத் தோற்றத்தை வைத்து எடைபோடுவது. இரண்டு பேர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் காம்பராவிலேயே (லயத்து அறையிலேயே) படுத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கடன்காரனின் முகத்தில் விழிக்கப் பயம். இன்னொருவர் இரவெல்லாம் பிள்ளையின் காய்ச்சலோடு விழித்திருந்தவர். இருவருக்கும் "மனச்சோர்வு" என்று எழுதினால் சிகிச்சை அங்கேயே திசைமாறும். குறிப்பேட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தார், உடனே எது குறைந்தது அல்லது கிடைத்தது. பலர் வெறுமையாக விடுவது மூன்றாவதை. குடித்ததும் ஒரு மணி நேரம் வெட்கம் மறைகிறது என்றால், குடியை விடாமல் தொடரவைப்பது அந்த ஒரு மணி நேரந்தான்.

மொழியின் வேலையும் சின்னதல்ல. டவுன் பள்ளியில் "தோட்டக்காட்டான்" என்று கேலி பட்டவருக்கு, கொழும்பு நேர்முகத் தேர்வில் "எந்த ஊர்?" என்ற சாதாரணக் கேள்விக்கே நெஞ்சு அடிக்கும். ஒரு சொல்லின் காயம் இன்னொரு சொல்லுக்கு ஒட்டிக்கொள்கிறது. "அப்படி நினைக்காதீங்க" என்று தர்க்கம் பேசினால் ஒட்டு இன்னும் இறுகும்.

அதைத் தளர்த்த ஒரு பயிற்சி உண்டு. "நான் தண்டம்" என்பவர் "தண்டம், தண்டம்" என்று சத்தமாக, வேகமாகச் சுமார் 30 விநாடி சொல்லட்டும். சொல் வெறும் ஒலியாகிவிடும். முழு வாக்கியத்தைக் கொடுத்தால் இது பலிக்காது. பிறகு "நினைப்பு போயிருச்சா?" என்று கேட்பதும் பிழை, விரட்டுவது நோக்கமல்ல. "இப்ப அதுக்கு எவ்வளவு பாரம்?" என்று கேட்கலாம்.

இந்தச் சிகிச்சையின் நூல்களில் வரும் புதைமணல் உவமை இங்கே எதற்கு? ஹட்டன் பாதையில் மூடுபனி இருக்கிறது. பெரிய லைட்டைப் போட்டால் வெளிச்சம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். டிம் போட்டு மெதுவாக ஓட்டுகிற சாரதிக்குப் பனி கலைந்திருக்கத் தேவையில்லை. பயம் போகும்வரை காத்திருக்காமல் நடப்பதும் அப்படித்தான்.

ஒன்றில் மட்டும் பயிற்சியும் உவமையும் வேண்டாம். "செத்துப் போகலாம் போல இருக்கு" என்பதைக் களைப்பிலும் சொல்வார்கள், நிஜமாகவும் சொல்வார்கள். ஊகிக்காமல், "உயிரை விடுற எண்ணம் இருக்கா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமென்றால் தனியே விடாமல், தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து, விஷங்களைக் கைக்கு எட்டாமல் எடுத்துவைத்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.