நடுவில் தெரியும் அந்தப் பள்ளம்

ஜனவரி பிறந்தால் எம்.எஸ்சி. புராஜெக்ட் பிள்ளைகள் லேப்டாப்போடு காட்பாடியில் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அணுக்கருக்களை மோதவிட்டால் எத்தனை துகள்கள் பிறக்கின்றன என்று சிமுலேஷனில் எண்ணுவதுதான் வேலை. போன வாரம் ஒரு மாணவி காட்டிய வரைபடத்தில் நடுவே பள்ளம். "சார், இங்க துகள் குறையுது, புதுசா ஏதோ இருக்கு" என்றாள். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். இப்படிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தடுமாறும் இடங்களைத்தான் இங்கே சொல்கிறேன்; அலகு எழுத மறப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

சூடோரேபிடிட்டியை ரேபிடிட்டி என்று எண்ணுவது

மோதும் கற்றையின் திசையில் துகள் எப்படிப் பறக்கிறது என்று சொல்லும் எண்கள் இவை இரண்டும். சூடோரேபிடிட்டிக்குத் துகள் பறக்கும் கோணம் மட்டும் போதும். ரேபிடிட்டிக்கு ஆற்றலும் வேண்டும், அதாவது நிறையும் தெரிந்திருக்க வேண்டும். உந்தம் நிறையைவிட மிகப் பெரிதென்றால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்த மோதல்களில் பிறப்பவற்றில் பெரும்பாலானவை மெதுவான துகள்கள்.

குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) 0.3 ஜிஇவி, சூடோரேபிடிட்டி 1 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஜிஇவி ஆற்றல் அலகு; உந்தத்தையும் நிறையையும்கூட நாங்கள் இதிலேயே சொல்வோம். பையான் என்ற லேசான துகளுக்கு ரேபிடிட்டி 0.93 வரும். புரோட்டானுக்கோ வெறும் 0.35! பையான்கள்தான் அதிகம் என்பதால் தப்பு பாதி மறைந்தே கிடக்கும். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

சத்துவாச்சாரியில் வாடகை அறை, மே மாத வெயில், 200 ஜிஇவி தங்க அணுக்கரு மோதல். பள்ளம் போகவில்லை என்று மோதல்களைக் கூட்டிக்கொண்டே போனேன். நடு ராத்திரியில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட்டுவேன். மூன்று வாரம் போனது. அப்புறம் ஒரு சீனியர் வந்து, "படுக்கை அச்சுல என்னப்பா வச்சிருக்க?" என்று கேட்டார். ரேபிடிட்டியை வைத்து வரைந்ததும் பள்ளம் காணாமல் போனது. அது இயற்பியல் அல்ல, மாறியை மாற்றும்போது வரும் பெருக்குக் காரணி. நடுவில் அது குறுக்கு உந்தத்துக்கும் குறுக்கு நிறைக்கும் (நிறை, குறுக்கு உந்தம் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) உள்ள விகிதம்: அதே 0.3 ஜிஇவி-யில் பையானுக்கு 0.9, புரோட்டானுக்கு 0.3.

அளவீட்டோடு ஒப்பிடும்போதும் இதே குழி காத்திருக்கிறது. 2.76 டிஇவி (ஒரு டிஇவி ஆயிரம் ஜிஇவி) ஈய மோதலில், மிக நேராக மோதிய 5 சதவீதத்துக்கு, செர்ன் ஆய்வகத்தின் அலிஸ் குழு தரும் சுமார் 1600 மின்னூட்டத் துகள்கள், நடுவில் ஓர் அலகு சூடோரேபிடிட்டிக்கான கணக்கு. பையான், கேயான், புரோட்டான் என்று துகள் வகைகளைத் தனித்தனியாகத் தரும்போது அது ரேபிடிட்டிக் கணக்கு. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள்.

2.76 டிஇவி யாருடையது?

ஒரு நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஜோடிக்கு. ஈய அணுக்கரு ஒவ்வொன்றிலும் 208 நியூக்ளியான்கள்; இரண்டு அணுக்கருவுக்கும் சேர்த்து என்றால் 208 மடங்கு, சுமார் 574 டிஇவி.

மையத்தன்மை சதவீதம்

மேலே சொன்ன 5 சதவீதம் போல, மோதல் எவ்வளவு நேரானது என்று வரிசைப்படுத்தும் எண் இது. எண் சிறிதானால்தான் நேருக்கு நேர் மோதல்.

மாணவி அங்கேயே உட்கார்ந்து அச்சை மாற்றி வரைந்தாள். பள்ளம் போய்விட்டது. இப்போது புரோட்டானைத் தனியே பிரித்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.