கடற்கரை ஊரில் மரப்பெட்டியின் வேலைத்திறனைக் கண்டறிவது எப்படி?

கீழக்கரை, தொண்டி, இராமநாதபுரம் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து கல்லாப்பெட்டியோ அலமாரியோ விலைக்கு வரும்போது, வாங்குபவர்கள் பெரும்பாலும் மூடியின் பளபளப்பையும் பித்தளைப் பூவேலையையும் பார்த்தே விலை பேசுகிறார்கள். தச்சரின் அறிவு பெட்டியின் அடியிலும் முதுகிலும் உட்புறத்திலும்தான் தங்கியிருக்கிறது. ஆகவே பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, கவிழ்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பாருங்கள். பலகையைச் சீவும் கைக்கருவியான இழைப்புளி ஓடிய தடம் மெல்லிய மேடுபள்ளமாக விரல் நுனிக்குத் தட்டுப்படும். வட்டவாள் இயந்திரத்தில் அறுத்த பலகையிலோ வளைந்த கோடுகள் இருக்கும்.

அடுத்து மூலைகள். பலகை முனைகளை விசிறிபோல விரிந்த பற்களாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்த புறாவால் பொருத்து, இழுத்தாலும் எளிதில் பிரியாது. பற்களின் அகலம் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்டு, அவற்றின் அடியில் தச்சர் அளவெடுத்துக் கீறிய மெல்லிய கோடு இன்னும் தெரிந்தால், அது கைவேலை என்பதற்கு நல்ல அடையாளம். மரத்தூளும் பசையும் குழைத்து இடுக்குகளை அடைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். அதே மரத்தில், அதே ரேகைப் போக்கில் துண்டு வெட்டிப் பதித்துச் செய்த பழுதுபார்ப்பை நான் குறையாகக் கருதுவதில்லை, அதுவும் வேலைத்திறனே.

நம் கடற்கரையில் மிகுந்த கவனத்துடன் பார்க்க வேண்டியது, மரம் அசைவதற்குத் தச்சர் இடம் விட்டிருக்கிறாரா என்பதாகும். வெட்டிக் காயவைத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், வறட்சியில் சுருங்கும். நீளவாட்டில் இந்த மாற்றம் மிகச் சிறிது. அகலவாட்டில்தான் அதிகம், அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், அவற்றுக்குக் குறுக்கான திசையைவிட ஏறத்தாழ 2 மடங்கு. இதை அறிந்த தச்சர் அலமாரிக் கதவின் நடுப்பலகையை ஒட்டாமலும் ஆணி அடிக்காமலும், சட்டத்தில் வெட்டிய காடி என்னும் பள்ளத்துக்குள் சிறிது இடைவெளி விட்டு நிறுத்துவார். பலகையை உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளினால் மிகச் சிறிய அசைவு தெரியலாம். அதைத் தளர்ச்சி என்று எண்ணிப் பசை ஊற்றுவது பெருந்தவறு, ஏனெனில் அசைய வழியற்ற பலகை சித்திரை வெயிலில் நெடுக வெடித்துவிடும்.

உப்புக்காற்று இரும்பு ஆணியை விரைவில் அரிக்கும். துரு பருத்து மரத்தைப் பிளக்கும். ஈரம்பட்டால் ஆணியைச் சுற்றிக் கருங்கறை படரும். கீலும் திருகும் பித்தளையாக இருந்தால் செய்தவர் இந்த ஊரின் காற்றை அறிந்தவர் என்று கொள்ளலாம்.

மரத்தைப் பொறுத்தவரை, தேக்கானாலும் பூவரசானாலும் வைரம் பாய்ந்த பகுதியா என்று பாருங்கள். வெளிறிய ஓரப்பகுதியைப் பூச்சி எளிதில் துளைக்கும். அடர்ந்த சாயம் பூசியிருந்தால் வெளிறிய பலகையும் வைரம்போல் தோன்றும் என்பதால், சாயம் எட்டாத இழுப்பறையின் உட்புறத்தில் பார்ப்பதே நலம்.

இயன்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலேயே பெட்டியைப் பார்க்கச் செல்லுங்கள். மரம் உப்பியிருக்கும் அந்நாளிலும் இழுப்பறை ஒரு கை இழுப்புக்குக் கோணாமல் வெளிவந்தால், கேட்கும் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.