ஏர் ரைஃபிளில் ஸ்கோப் மாட்டும்போது நான் கோட்டைவிட்ட இடம்

ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக் காப்பிக் களத்தில் ஒரு டப்பா பெல்லட் குண்டைத் தீர்த்தும் குறி நிலைக்கவில்லை. நானும் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குறியை நகர்த்தும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் பின்பக்கம் நழுவியிருக்கிறது!

என்னுடையது போல ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் ஏர் ரைஃபிள் இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் பாயும்போது பின்னால். அது முட்டி நிற்கும்போது வெடுக்கென்று முன்னால். டவுன் பஸ் சடாரென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்வாரே, இரண்டாவது உதையில் ஸ்கோப்புக்கு அதே கதிதான். சாதாரண ஸ்கோப் உள்ளேயே உடைந்துவிடும்; ஏர்கன்னுக்கென்றே வருவதை வாங்குங்கள்.

முதலில் துப்பாக்கியின் மேல் மவுண்ட் பொருந்தும் 11 மி.மீ. ரெயிலையும் மவுண்டின் அடியையும் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் கூடாது. பிறகு மவுண்டில் இருக்கும் ஸ்டாப் பின்னை ரெயிலின் மேலுள்ள குழிக்குள் இறக்குங்கள். இதைத்தான் நான் 'எதற்கோ ஒரு திருகு' என்று விட்டுவிட்டேன். குழி இல்லாத துப்பாக்கி என்றால் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஸ்டாப் கட்டை போடுங்கள். இரண்டு தனி வளையங்களைவிட ஒரே துண்டு மவுண்டுக்குத்தான் என் ஓட்டு.

ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தை இறுக்காமல், கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கறுப்பு தெரியாமல் முழு வட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை நகர்த்துங்கள். நேர் பார்க்க, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கொத்தனார் தூக்குக்குண்டைச் சில்வர் ஓக் கிளையில் தொங்கவிட்டேன். துப்பாக்கியைச் சாய்க்காமல் பிடித்துப் பார்த்தால், ஸ்கோப்புக்குள் தெரியும் செங்குத்துக் கோடு நூலோடு ஒட்ட வேண்டும். திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கால் சுற்று வீதம் இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும்.

பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் 10 மீட்டரில் அட்டை வையுங்கள். முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள், இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். ஐந்து முறை சுட்ட பிறகே குமிழைத் தொடுங்கள். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக் இந்த 10 மீட்டரில் சுமார் 0.7 மி.மீ. தான், 3 செ.மீ. தள்ள 40 கிளிக் வேண்டும். நாலு கிளிக் திருகிவிட்டு 'அசையவில்லையே' என்று புலம்பாதீர்கள். அப்புறம் 25 மீட்டருக்குப் போங்கள். குருவி, புறா பக்கம் திருப்பவே கூடாது.

பின்சேர்க்கை: மலையிலிருந்து இறங்கியதும் லென்ஸ் மங்குகிறது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். குளிர்ந்த கண்ணாடியில் சேலத்துச் சூட்டுக் காற்றின் ஈரம் படிவதுதான். துடைக்காதீர்கள், பையிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள்.