மார்ச் மாம்பழத்துக்கு ஒரு முழுக்கு

தண்டையார்பேட்டையில மார்ச் மாசமே பங்கனப்பள்ளி வந்துடுது. ஆசையா 2 கிலோ வாங்கினேன். தோல் பளபளன்னு மஞ்சள். அறுத்தா உள்ளே வெளுப்பு, கொட்டைகிட்ட ஒரே புளிப்பு. காயைப் பழுக்கவைக்கிற கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கு, யார் கேக்குறாங்க?

தள்ளுவண்டி ஆயா சிரிச்சாங்க. "இன்னா கண்ணு அவசரம்? கத்திரி பொறக்கட்டும். காம்புகிட்ட மோந்து பாரு, வாசனை இல்லேன்னா வெச்சிட்டுப் போ."

இப்போல்லாம் மே மாசம்தான். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காயா, காம்பைச் சுத்தி நல்லா உப்பியிருக்கறதாப் பார்த்து வாங்கி, அரிசி டிரம்முல புதைச்சுடறேன். மூணாம் நாள்லேருந்து தினம் தொட்டுப் பார்க்கணும். ஒரு தடவை மறந்துபோய், அரிசியையே அலசிக் காயவெச்சோம்.

அதுவரைக்கும் நுங்கு. இளசா, விரலை விட்டா தண்ணி பீறிக்கிட்டு வரணும்.