பழைய டிசைனில வாற புது மணிக்கூடு வாங்கப் போறீங்களா, இதெல்லாம் பாத்திட்டு வாங்குங்க

எங்கட அப்பப்பா டொக்யார்டில வேலை செய்தவர். 1957 ஒக்டோபரில பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலைத் தளத்தை விட்டுட்டுப் போகேக்க அவர் கையில கட்டியிருந்த சாவி குடுக்கிற மணிக்கூடு இப்பவும் எங்கட அலுமாரிக்குள்ள இருக்குது. டயல் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திட்டுது, முள்ளில பூசியிருந்தது பாதி உதிர்ந்திட்டுது, ஆனா சாவி குடுத்தா ஓடும். ஒருநாள் ஸ்கேல் வச்சு அளந்து பாத்தன், 34 மி.மீ தான். அவ்வளவு சின்னன், ஆனா கையில வச்சா அவ்வளவு வடிவு. அதைக் கட்டிக்கொண்டு உப்புவெளிக் கடலுக்குள்ள இறங்க ஏலாது, மழைக்குள்ள போகவே பயம், அப்ப இதே மாதிரி முகத்தோட, ஆனா தண்ணிக்கும் வேர்வைக்கும் தாங்கிற ஒண்டு கிடைக்குமா எண்டு தேடத் தொடங்கினதில இருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. இப்ப நிலாவெளிப் பக்கம் டைவிங் செய்யிற பெடியள் கூட என்னட்ட வந்து கேக்கிறாங்க, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன்.

முதல் பேர்களைப் பிரிச்சு விளங்கிக்கொள்ளுங்க, கடைக்காரர் எல்லாத்தையும் "ஹொமாஜ்" எண்டு ஒரே சொல்லில சொல்லிப்போடுவாங்க. ஒரு கம்பனி தான் முந்திச் செய்த மணிக்கூட்டையே திரும்ப அச்சடிச்ச மாதிரி விட்டா அது ரீஇஷ்யூ. தன்ர பழைய மணிக்கூடுகள் நாலைஞ்சில இருந்து ஒவ்வொரு துண்டை எடுத்துச் சேத்து புதுசா ஒண்டு செய்தா அது வேற வகை. வேற ஒரு கம்பனியின்ர பழைய டிசைனைத் தன்ர பேரில செய்யிறதுதான் ஹொமாஜ், சட்டப்படி பிழையில்ல, பேரை மாத்தித்தான் போடுறாங்க. ரோலெக்ஸ் எண்டு பேரையே போட்டு வாறது கள்ளச் சாமான், அதைப் பற்றிக் கதைக்கவே தேவையில்ல.

ரீஇஷ்யூக்கு நல்ல உதாரணம் ஒமேகா. 1957ல ஒரே வருசத்தில சீமாஸ்டர் 300, ரெயில்மாஸ்டர், ஸ்பீட்மாஸ்டர் எண்டு மூண்டை விட்டவங்க. 60 வருசம் முடிஞ்சு 2017ல அந்தப் பழைய மூண்டையும் டிஜிட்டலா ஸ்கேன் பண்ணி, அதே அளவில, ஒவ்வொண்டிலயும் 3557 மட்டும் செய்தாங்க. வெளியில பாத்தா 1957, ஆனா சீமாஸ்டருக்குள்ள இருக்கிற மிசின் 15,000 கவுஸ் காந்தத்துக்கு அசையாது. ரெண்டாவது வகைக்கு டியூடர் ப்ளாக் பே. 2012ல வந்த முதலாவது ப்ளாக் பேயைப் பாத்திட்டு கனபேர் இது எந்தப் பழைய மொடலின்ர கொப்பி எண்டு தேடுவாங்க, ஆனா அப்பிடி ஒரு மொடலே இருந்ததில்ல. பெரிய சாவி (பக்கத்தில திருகிற குமிழ்) 1958 மொடலில இருந்து, சதுர மூக்கு வச்ச "ஸ்னோஃப்ளேக்" முள்ளு 1969ல இருந்து, இப்பிடிக் கூட்டிச் செய்தது. எனக்கு இந்த ரெண்டாவது வகையிலதான் விருப்பம் கூட, ஏனெண்டா அதைச் செய்தவன் யோசிச்சிருக்கிறான் எண்டு தெரியுது.

ஏன் எல்லாக் கம்பனியும் இப்பிடிப் பின்னுக்குப் போகுதுகள் எண்டு கேட்டா, நடுவில ஒரு பெரிய இடைவெளி விழுந்ததுதான் காரணம். 1969 டிசம்பர் 25 சீக்கோ அஸ்ட்ரோன் எண்ட முதல் குவாட்ஸ், அதாவது பற்றரியில ஓடுற, கை மணிக்கூட்டை விற்பனைக்கு விட்டுது, அதுக்குப் பிறகு பத்துப் பதினைஞ்சு வருசத்துக்குள்ள சுவிஸ் கம்பனிகள் கனக்க இழுத்து மூடிட்டாங்க. செனித் எண்ட சுவிஸ் கம்பனியில நடந்த கதை என்னைக் கண் கலங்க வச்சது. 1975ல அமெரிக்க முதலாளிமார் மெக்கானிக்கல் வேலையெல்லாம் நிப்பாட்டச் சொன்னவங்க, சார்ள்ஸ் வெர்மோ எண்ட தொழிலாளி எல் பிரிமேரோ மிசின் செய்யிற டூல்களையும் பிளான்களையும் ஒவ்வொண்டாப் பேர் எழுதி மேல் பரணில ஒளிச்சு வச்சார். அவர் அப்பிடிச் செய்தபடியாலதான் 80களில திரும்ப அந்த மிசினைச் செய்யக்கூடியதா இருந்தது, 1969ல வந்த ஏ386 மொடலை 2019ல அதே 38 மி.மீ அளவில திரும்ப விடவும் முடிஞ்சது. அதால ஒரு ரீஇஷ்யூவைப் பாக்கேக்க, அந்தக் கம்பனியிட்ட உண்மையாவே அந்தப் பழசு இருக்குதா, இல்லாட்டி பேரை மட்டும் ஆரோ வாங்கி வச்சிருக்கிறாங்களா எண்டு ஒருக்காப் பாருங்க. பேரை வாங்கினவன் செய்தாலும் நல்லா இருக்கலாம், ஆனா "நாங்கள் அந்த நாளில இருந்து" எண்டு சொல்லுற விலைக்கு அவனுக்கு உரிமையில்ல.

இப்ப செய்ய வேண்டிய வேலைக்கு வருவம். நீங்க விரும்பின புது மொடலின்ர பழைய தாயைக் கண்டுபிடிச்சு ரெண்டு போட்டோவையும் போனில பக்கத்தில பக்கத்தில வையுங்க. ஒரு அரை மணித்தியாலம் பாருங்க. முள்ளின்ர நீளம் நிமிசக் கோட்டைத் தொடுதா, எழுத்து எவ்வளவு மெல்லிசு, சாவி எவ்வளவு பெருசு, பட்டி கொழுவுற காது நேராப் போகுதா வளையுதா, திகதிப் பெட்டி பழசில இருந்ததா இல்ல புதுசா வெட்டினதா. திகதிப் பெட்டிதான் கூடுதலா கெடுக்கிறது. சமச்சீரா இருந்த டயலில நாலரை மணிப் பக்கம் ஒரு ஓட்டை விழுந்தா எனக்குப் பாக்கவே மனம் வராது. லொங்கின்ஸ் லெஜன்ட் டைவர் எண்டு ஒண்டு இருக்குது, 1959 மொடலைப் பாத்து 2007ல விட்டது, ரெண்டு சாவி, சுத்துற வளையம் கண்ணாடிக்கு உள்ளுக்கு. அதை 2023ல 39 மி.மீக்குச் சின்னனாக்கி, திகதி இல்லாம விட்டாங்க, இப்பதான் பாக்க நிறைவா இருக்குது.

அளவு விசயத்தில அவசரப்படாதீங்க. 2000க்குப் பிறகு எல்லாரும் 42, 44 எண்டு பெருப்பிச்சாங்க, பிறகு மெல்ல மெல்ல இறங்குறாங்க. ப்ளாக் பேயையே பாருங்க, 2012ல 41, 2018ல ஃபிஃப்டி எய்ட் எண்டு 39, 2023ல ஃபிஃப்டி ஃபோர் எண்டு 37. உங்கட மணிக்கட்டைச் சுத்தி ஒரு நூலைக் கட்டி அளந்து வையுங்க, பிறகு மணிக்கட்டின்ர மேல் தட்டை அகலத்தை ஸ்கேலால அளவுங்க, அதுதான் முக்கியம். மேல் காதில இருந்து கீழ் காது வரைக்கும் உள்ள நீளம் அந்த அகலத்தைத் தாண்டக்கூடாது. சீக்கோவின்ர எஸ்பிபி143 விட்டம் 40.5 மி.மீ, காதுக்குக் காது 47.6. அந்த நீளத்துக்கு ஒரு கார்ட்போர்ட் துண்டை வெட்டி கையில வச்சுப் பாத்தா ஒன்லைனில பாக்கிற எந்தப் படத்தையும் விட நல்லா விளங்கும். தடிப்பையும் பாருங்க, ஃபிஃப்டி எய்ட் 11.9 மி.மீ, சட்டைக் கைக்குள்ள போகும். எங்கட ஊர் வெய்யிலுக்குப் பின்னேரம் கை கொஞ்சம் வீங்கும், காலமை கடையில இறுக்கமாப் பாத்து செயினை வெட்டிப்போட்டு வந்தா மூண்டு மணிக்குக் கழட்ட வேண்டி வரும், அதால ஒரு விரல் நுனி போற அளவுக்கு விட்டு வெட்டச் சொல்லுங்க.

அடுத்தது இரவில ஒளிருற பூச்சு. இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா இதில ஆபத்தும் இருக்குது. 60கள் வரைக்கும் ரேடியம் பூசினவங்க. அது 1600 வருசத்திலதான் பாதியாக் குறையும், ஆனா கூடக் கலக்கிற சிங்க் சல்ஃபைட் சில பத்து வருசத்திலயே செத்துப்போயிடும், அதால பழைய மணிக்கூடு ஒளிராட்டியும் கதிர்வீச்சு வந்துகொண்டுதான் இருக்கும். உங்கட அலுமாரியில இருக்கிற பழைய மணிக்கூட்டை நீங்களாத் திறந்து அந்தப் பூச்சைச் சுரண்டாதீங்க, தூள் மூச்சோட உள்ளுக்குப் போனா கூடாது, பிள்ளையளின்ர கையிலயும் குடுக்காதீங்க. பிறகு ட்ரிட்டியம் வந்தது, அது 12 வருசத்தில பாதி. இப்ப வாற சூப்பர் லூமிநோவாவில கதிரே இல்ல, வெளிச்சத்தைக் குடிச்சிட்டு ஒளிரும், அவ்வளவுதான். இந்தப் புதுப் பூச்சுக்கே சில கம்பனிகள் பழசாப் போன மாதிரி மண்ணிறம் கலந்து விடுறாங்க. என்ர அபிப்பிராயம் என்னெண்டா வெள்ளை இருந்தா வெள்ளையை எடுங்க. 1957ல அந்த மணிக்கூடு கடைக் கண்ணாடிக்குள்ள இருக்கேக்க அதுவும் வெளிறித்தான் இருந்தது, மண்ணிறம் காலம் குடுத்தது, டிசைன் குடுத்ததில்ல. உங்கட கையிலயும் காலம் வேலை செய்யட்டும்.

கண்ணாடியும் அப்பிடித்தான். பழசில பிளாஸ்ரிக் மாதிரி அக்ரிலிக் கண்ணாடி, பொம்மிக்கொண்டு நிக்கும், கீறல் விழும், ஆனா பொலிஷ் போட்டு எடுக்கலாம். புதுசில அதே வளைவை சஃபயரில செய்யிறாங்க, கீறாது, ஆனா கல்லில அடிபட்டா வெடிக்கும். கடற்கரை மண்ணுக்குள்ள திரியிற எங்களுக்கு சஃபயர்தான் சரி.

தண்ணி விசயத்துக்கு வந்தா, திருகோணமலையில இருக்கிறவங்க மற்ற ஊர்க்காரரை விடக் கவனமா இருக்கோணும். 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவற்ர கூட்டாளி மைக் வில்சனும் கோணேசர் மலைக்குக் கீழ முக்குளிச்சு பழைய கோயில் தூண்களைக் கண்ட நேரம், பிளாங்பேன் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் எண்ட டைவிங் மணிக்கூடு வந்து வெறும் மூண்டு வருசம்தான். அந்தப் பேருக்கு அர்த்தம் அம்பது பாகம், அதாவது ஏறக்குறைய 91 மீற்றர் ஆழம், அந்த நாளில அதுதான் பேருக்கே வச்ச பெருமை. அதே ஆழத்துக்கு அப்ப செய்த மணிக்கூடு இண்டைக்கு எழுபது வருசப் பழசு, அதின்ர ரப்பர் வளையம் இறுகிப் போயிருக்கும், அதில எழுதியிருக்கிற இலக்கத்தை நம்பக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி ஒன்லைனில "60களின்ர ஒரிஜினல் டைவர்" எண்டு ஒண்டை வாங்கி, நேர புறாமலைத் தீவுக் கடலுக்குக் கட்டிக்கொண்டு போனவர். கரைக்கு வரேக்க கண்ணாடிக்கு உள்ளுக்குப் புகார் மாதிரி நிண்டது, ரெண்டு கிழமையில முள்ளு கறள் பிடிச்சிட்டுது, திறந்து பாத்த மணிக்கூட்டுக்காரர் டயலே புதுசாப் பெயின்ற் அடிச்சது எண்டு சொன்னார். அவர் அழாக்குறைதான். கடலுக்கு எண்டா ரீஇஷ்யூ, பழசு கலியாண வீட்டுக்கு.

புதுசிலயும் இலக்கத்தைச் சரியா வாசியுங்க. 30 மீற்றர் எண்டு போட்டிருந்தா கை கழுவலாம், குளிக்கக் கூடாது. 100 மீற்றரும் திருகி இறுக்கிற சாவியும் இருந்தா நீந்தலாம், ஒறிஸ் டைவர்ஸ் சிக்ஸ்டி ஃபைவ் அந்த வகை, 1965 மொடலைப் பாத்து 2015ல வந்தது. காத்துத் தொட்டியோட முக்குளிக்கிறவங்க 200 மீற்றர் உள்ளதைப் பாருங்க. பெசல், அதாவது தண்ணிக்குள்ள இருந்த நேரத்தைப் பாக்கிற சுத்துற வளையம், ஒரு பக்கம் மட்டும் சுத்துதா எண்டு சுத்திப் பாருங்க, பழைய ரோலெக்ஸ் சப்மரைனர் ரெண்டு பக்கமும் சுத்தும், தண்ணிக்குள்ள தட்டுப்பட்டு பிழையான பக்கம் போனா இன்னும் நேரம் இருக்குதெண்டு நினைச்சுக்கொண்டு கீழயே இருந்திடுவீங்க. ஒரு பக்கம் மட்டும் சுத்துறது தட்டுப்பட்டாலும் மிச்ச நேரத்தைக் குறைச்சுத்தான் காட்டும்.

மிசினைப் பற்றி ஒரு கேள்வி போதும், இதை ஆர் திருத்துவாங்க? சீக்கோ மிசினையும், சுவிஸில ஈடிஏ, செலிட்டா மிசினையும் பழக்கமான கைகள் கனக்க இருக்குது, சாமானும் வரும். கம்பனி தானே செய்யிற மிசின் நல்லாத்தான் ஓடும், ஆனா சேர்விசுக்குக் கொழும்புக்கோ அதுக்கு அங்காலயோ போகும், மாசக்கணக்கு எடுக்கும், அந்தக் காசையும் வாங்கிற விலையோட சேத்துக் கணக்குப் போடுங்க.

எல்லாரும் ஒமேகாவும் டியூடரும் வாங்க ஏலாது, அது எனக்கும் தெரியும். ஆனா கம்பனி தன்ர பழசை மதிச்சுச் செய்த மணிக்கூடு குறைஞ்ச விலையிலயும் இருக்குது. டிஸ்ஸோ பிஆர்எக்ஸ், 1978 டிசைன், 2021ல திரும்ப வந்தது, 35லயும் 40லயும் கிடைக்கும், கை ஆட்டத்தில தானாச் சாவி ஏறுற ஒட்டோமெட்டிக் ஒருக்கா நிரம்பினா 80 மணித்தியாலம் ஓடும். ஹமில்டன் காக்கி ஃபீல்ட் மெக்கானிக்கல் 38 மி.மீ, அப்பப்பாட மாதிரியே கையால சாவி குடுக்கோணும், அந்த ஒரு நிமிசம் எனக்குப் பிடிக்கும். வளைகுடாவில இருந்து மாமாமார் கொண்டுவந்த சீக்கோ 5 வீட்டில இருந்தா முதல் அதைச் சேர்விஸ் பண்ணிக் கட்டுங்க, அதுக்கு எந்த ரீஇஷ்யூவும் ஈடில்ல.

செக்கன்ட் ஹான்ட் வாங்கிறதெண்டா மணிக்கூட்டுச் சீரியல் இலக்கமும் உத்தரவாதக் கார்ட்டில உள்ள இலக்கமும் ஒண்டா எண்டு பாருங்க, பின் மூடியைத் திறந்து மிசினின்ர போட்டோ கேளுங்க, தர மாட்டன் எண்டா விட்டுட்டு வாங்க. எண்ணிக்கை குறைச்சு விட்டது எண்ட ஒரே காரணத்துக்காகக் கூடக் காசு குடுக்காதீங்க, திரும்ப விக்கிற யோசினை இல்லாட்டி அந்த இலக்கம் உங்களுக்கு ஒண்டும் செய்யாது.

வாங்கின பிறகு தோல் பட்டியைக் கழட்டி வச்சிடுங்க, எங்கட வேர்வைக்கு ஆறு மாசத்தில மணக்கும். ட்ரொப்பிக் எண்டு சொல்லுற ஓட்டை ஓட்டையான ரப்பர் பட்டி 60களிலயே டைவர்மார் கட்டினது, பழைய டிசைனோட சரியாப் பொருந்தும். கடலால வந்த உடன சாவி இறுகியிருக்குதா எண்டு தொட்டுப் பாத்திட்டு நல்ல தண்ணியில கழுவுங்க, கரையோரக் கிணறுகளில உப்புச் சுவை இருந்தா அந்தத் தண்ணி வேண்டாம், குழாய்த் தண்ணி எடுங்க. பெசலைத் தண்ணிக்குள்ள வச்சே ரெண்டு சுத்து சுத்துங்க, உள்ளுக்கு நிக்கிற மணல் வெளியில வரும். பிறகு பழைய சாரத் துணியால துடைச்சு நிழலில வையுங்க. வருசத்துக்கு ஒருக்கா, தைப்பொங்கல் கழிஞ்சு கடல் அமரத் தொடங்க முதல், தண்ணி புகுமா எண்டு பாக்கிற பிரஷர் டெஸ்ட் செய்து எடுங்க, ரப்பர் வளையத்தையும் மாத்தச் சொல்லுங்க.